வாசலுக்கு ஒரு நாற்காலி

காலையில் அலுவலகத்தைத் திறந்ததும் போஸ்டம்மா முதலில் செய்கிற வேலை, முத்திரையில் தேதியை மாற்றுவது. இடுக்கியால் சின்னச் சின்ன எண்களை எடுத்து மாற்றி வைத்து, மையில் ஒற்றி, பழைய காகிதம் ஒன்றில் அழுத்திப் பார்ப்பாள். தேதி தெளிவாக விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னிக்குப் பொழுதையும் உன் கையில குடுத்துட்டேன், பாத்துக்கோ" என்று கடவுளிடம் ஒரு வார்த்தை சொல்வாள். அதற்குப் பிறகுதான் ஜன்னலைத் திறப்பாள்.

ஜன்னலுக்கு வெளியே யாரும் இருக்க மாட்டார்கள். கொஞ்ச காலமாகவே இப்படித்தான்.

அலுவலகம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. அவளுடைய வீட்டின் முன்னறைதான் அது. ஒரு மேஜை, ஒரு தராசு, சுவரில் கடிதம் போட்டு வைக்கும் மரக்கட்டங்கள். தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் அவள் கணவரின் தையல் கடை. இங்கே முத்திரை டொக் என்று விழும். அங்கே மெஷின் கடகடவென்று ஓடும். காலையில் ஜன்னல் வேலை, மதியத்துக்கு மேல் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிற வேலை என்று இரண்டுக்கும் அவள் ஒருத்திதான். ஊரில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவள் போஸ்டம்மா. கட்டிய கணவரும் அப்படித்தான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் "மேடம்" என்பார்.

போன மழைக்காலத்தில் ஓடைப் பாலத்துப் பாசியில் வழுக்கி விழுந்து, அவளுடைய வலது முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. படுத்த படுக்கையாக இருந்து, தடியை ஊன்றி நடந்து, பிறகு தடியையும் ஓரமாக வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள். திரும்பி வந்தால் வேலையைக் காணோம். முன்பெல்லாம் பிதுங்கி வழிந்த பை, இப்போது காற்றுப் போன பந்தாகத் தோளில் தொங்கியது. வீடு வீடாக ஏறி இறங்க வேண்டிய அவசியமே இல்லை. அரசாங்கத்திலிருந்து வருகிற பழுப்பு உறைகளையும் ஒன்றிரண்டு கார்டுகளையும் தவிர வேறொன்றும் வருவதில்லை, போவதும் இல்லை.

இந்த நிலையில்தான் மேற்பார்வையாளர் வந்து போனார். ஒல்லியான, மரியாதையான மனிதர். புது ஷூ காலைக் கடித்தது போலிருக்கிறது, கொஞ்சம் நொண்டிக்கொண்டே வந்தார்.

"உங்க மேல ஒரு குறையும் இல்லைம்மா. வேலையே இல்லாத இடத்துல ஆபீஸ் எதுக்குன்னு மேல கேக்குறாங்க. வர்ற மழை முடியற வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள வேலை கூடலைன்னா இதை மூடி டவுனோட சேத்துருவாங்க. உங்களுக்கு அங்க பின்னறையில கடிதம் பிரிக்கிற வேலை."

"அப்போ இந்த ஊருக்கு?"

"வாரத்துக்கு ஒரு தடவை வண்டி வரும். வேணுங்கிறவங்க வந்து வாங்கிக்கணும்."

அவர் போனபின் போஸ்டம்மா வெகுநேரம் மரக்கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வீடு. எந்தக் கட்டத்தில் கல்யாணப் பத்திரிகை வந்து கிடந்தது, எதில் வேலைக்கான உத்தரவு வந்தது என்று அவளால் தொட்டுக் காட்ட முடியும். தான் ஏதாவது தப்பு செய்துவிட்டோமா என்று மனதைத் துழாவினாள். யாருடைய கார்டையாவது படித்துச் சிரித்தேனா? யாரையாவது ஜன்னலில் காக்க வைத்துச் சிடுசிடுத்தேனா? ஒன்றும் தட்டுப்படவில்லை.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தாள். அறுவடை நேரம், ஆளாளுக்கு முதுகு ஒடிகிற வேலை. அதற்கு நடுவில் தன் பாட்டையும் அவர்கள் தலையில் கட்டுவதா? கணவரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் அந்த மனுஷர் தூக்கத்தைத் தொலைத்துவிடுவார்.

தவறாமல் வருகிறவர் ஒரே ஒருவர்தான். மைக் மாமா. வாலிபமெல்லாம் மில்லில் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பேசியே வாழ்ந்தவர். மில்லை விட்டு வந்தும் தொண்டை இறங்கவில்லை. தூர ஊரில் இருக்கிற மச்சானோடு கார்டு மூலமாகச் செஸ் ஆடுகிறார். இவர் ஒரு காயை நகர்த்தி எழுதுவார். அவர் யோசித்துப் பதில் போடுவார்.

"போஸ்டம்மா, ஒரு கார்டு. என் குதிரையைத் தூக்கிட்டான் அந்தப் பய. விடுவேனா நான்."

"மெதுவா பேசுங்க மாமா. தெருவுக்கே கேக்குது."

"கேட்டுட்டுப் போகட்டும். தெருவுல எவனுக்கு செஸ் தெரியும்?" அவர் ஜன்னலுக்குள் தலையை நீட்டி இடமும் வலமும் பார்த்தார். "ஏம்மா, இங்க நீ மட்டும் உக்காந்து ஈ ஓட்டுறே. ஜனங்க எல்லாம் எங்க?"

"எல்லார் கையிலயும் போன் வந்துருச்சே மாமா."

"போன்ல பார்சல் போகுமா? உன் வீட்டுக்காரருக்கு நூல்கண்டு போன் வழியாவா வருது?"

போஸ்டம்மா சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது. பிறகு தேவையில்லாத வேகத்தில் மறுபடி ஓடியது. அதை அவள் கவனிக்கவில்லை.

சில நாள் கழித்து, மாதாந்திரத் தாள்களைக் கொடுப்பதற்காக அவள் டவுன் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே வரிசையில் பால் வண்டிக்காரன் நின்றுகொண்டிருந்தான். தினமும் விடிவதற்குள் ஊரிலிருந்து பால் கேன்களை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போய் மதியம் திரும்புகிற பையன். அவன் காலடியில் ஒரு கோணிப்பை. அவளைப் பார்த்ததும் அவன் முகம் திரிந்த பாலாகிவிட்டது. பையைக் காலால் பின்னுக்குத் தள்ளினான். தள்ளிய வேகத்தில் வாய் திறந்து உள்ளிருந்ததெல்லாம் தரையில் சரிந்தது.

பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மளிகைக்கடை அக்காவின் சாய்ந்த எழுத்து. பள்ளிக்கூடத்து டீச்சரின் பச்சை மை. முடி திருத்துபவர் தன் பிள்ளைக்கு அனுப்புகிற உருண்டைப் பார்சல். எல்லாவற்றுக்கும் மேலே, துணி சுற்றி ஓரம் தைத்த ஒரு பெட்டி. அந்தத் தையலை அவள் எங்கே பார்த்தாலும் கண்டுகொள்வாள். அவள் தோளில் தொங்கிய தபால் பையின் கிழிசலிலும் அதே தையல்தான்.

குனிந்து, சிதறியதையெல்லாம் பொறுக்கிப் பைக்குள் போட்டுக் கொடுத்தாள். முட்டி சுருக்கென்றது.

திரும்பும்போது அவன் வண்டியிலேயே வந்தாள். காலி கேன்கள் பின்னால் கணகணவென்று அடித்துக்கொண்டன. ஓடைப் பாலம் வந்ததும் அவள் கேட்டாள்.

"ஏன் தம்பி, என் கையில குடுத்தா கடுதாசி போய்ச் சேராதா?"

"ஐயோ அக்கா, அப்படி இல்லக்கா."

"வர்றதும் உன் வழியாத்தான் வருதா?"

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "என் மச்சான் சைக்கிள் கடை அட்ரஸுக்கு வரும். நான் பால்கேனோட சேத்துக் கொண்டுவந்து வீடு வீடா குடுத்துருவேன். இதுக்கு மேல கேக்காதீங்கக்கா. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

ஊரே சேர்ந்து தன்னை ஒதுக்கிவிட்டது என்று அவளுக்குப் பட்டது. வீட்டுக்கு வந்தவள் நேராகத் தையல் கடைக்குள் நுழைந்தாள். கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். மேஜையிலிருந்த குண்டூசிகளை அள்ளி வாயில் கவ்விக்கொண்டார். பதில் சொல்ல இஷ்டமில்லாத கேள்வி வரப்போகிறது என்றால் அவர் எப்போதும் செய்வது அதுதான்.

"ஏங்க, உங்க அண்ணனுக்கு நீங்க அனுப்பின பெட்டி நல்லபடியா டவுன் போய்ச் சேந்துச்சு. நானே பொறுக்கிக் குடுத்தேன்."

"ம்ம்."

"ஊசியைத் துப்புங்க."

"ம்ம்ம்."

"சரி, துப்ப வேண்டாம். நான் பேசுறேன். இந்த மழையோட ஆபீசை மூடப் போறாங்க. வேலையே இல்லைங்கிறாங்க. இல்லாம எப்படி இருக்கும்? அதான் பால்கேனோட போகுதே."

ஊசிகள் நாலா பக்கமும் தெறித்தன. "மூடப் போறாங்களா? எப்போ சொன்னாங்க? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்களுக்குத் தூக்கம் கெடுமேன்னு சொல்லல."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அடக் கடவுளே. உன் முட்டிக்காகத்தானே எல்லாம் செஞ்சோம். நீ படுத்துக் கிடந்தப்போ மளிகைக்கடை அக்காதான் ஆரம்பிச்சாங்க. 'பாவம், அவளை மேடு பள்ளம் ஏற வைக்கக் கூடாது. பால் வண்டி போகுதே, அதுல குடுத்து விட்டுருவோம். அவ நிம்மதியா ஒரு இடத்துல உக்காந்து சம்பளம் வாங்கட்டும்'னாங்க. உனக்குத் தெரிஞ்சா ஒத்துக்க மாட்டேன்னு எல்லாரும் சத்தியம் பண்ணினோம். மைக் ஒருத்தர்கிட்டதான் சொல்லல. அவர்கிட்ட சொன்னா ரகசியம் எங்க நிக்கும்?"

போஸ்டம்மாவுக்கு அழுகை வருவது போல இருந்தது. வந்தது சிரிப்பு. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, பயந்துபோய் நிறுத்தினார்.

"மேடம் கோபமா?"

"மேடம்னு சொல்றது நீங்க. கோபம் உங்களுக்குத்தான் வரணும். நானும்தானே மறைச்சேன்."

அன்பு அதிகமாகிவிட்டால் மனிதர்கள் இப்படித்தான் ஆகிவிடுகிறார்கள். ஒருவரை ஒருவர் சிரமப்படுத்தக் கூடாது என்று ஆளுக்கொரு கதவை மெதுவாகச் சாத்திக்கொள்கிறார்கள். பிறருக்கு உதவி செய்வது புண்ணியம் என்று நமக்குத் தெரியும். பிறர் நமக்கு உதவ இடம் கொடுப்பதும் அதே கணக்கில்தான் சேரும் என்பது சட்டென்று ஞாபகத்துக்கு வருவதில்லை.

"இப்போ ஊருக்கு எப்படிச் சொல்றது?" என்றார் கணவர். "வீடு வீடா நீ ஏறி இறங்கவா? அதுக்கு முட்டி வேணும்."

போஸ்டம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மைக் மாமாகிட்ட ரகசியமா சொல்லிருவோம்."

சாயங்காலம் மாமாவைக் கூப்பிட்டு, காதோடு காதாக விஷயத்தைச் சொன்னாள். "யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்று கணவர் வேறு ஒப்புக்குச் சொல்லி வைத்தார்.

"நான் எதுக்கு விடப் போறேன்" என்று மாமா தெரு முனை வரை கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் தேதியை மாற்றிக் கடவுளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லி ஜன்னலைத் திறந்தபோது, வெளிச்சமே உள்ளே வரவில்லை. அவ்வளவு தலைகள். முன்னால் மளிகைக்கடை அக்கா, கண்ணெல்லாம் சிவந்து நின்றாள்.

"நாங்க நல்லதுன்னு நெனச்சுத்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்க்கா."

"உன் சோத்துல நாங்களே மண்ணைப் போட்டுட்டோமே."

"அது பரவால்லக்கா. டவுன்ல எனக்கு வேலை குடுத்துருவாங்க. ஆனா அங்க பின்னறையில யாரோட எழுத்தும் எனக்குத் தெரியாது. யார் வீட்டுக் கதவை எப்படித் தட்டணும்னு தெரிஞ்சிருக்கிற ஊரு இதுதான். எனக்கு வேலை குடுங்க. நல்லா தொந்தரவு குடுங்க."

"முட்டி வலிக்குமே" என்றார் பின்னாலிருந்து முடி திருத்துபவர்.

"வலிக்கும்தான். சும்மா உக்காந்திருந்தா மட்டும் வலிக்காமயா இருக்கு? உக்காந்தா முட்டியோட சேந்து மனசும் வலிக்குது."

பால் வண்டிக்காரன் பாவம் தீர்க்க ஒரு வழி கண்டுபிடித்தவனைப் போலக் கையைத் தூக்கினான். "அக்கா, நாம எல்லாரும் தினமும் ஒருத்தருக்கு ஒருத்தர் சும்மா கடுதாசி போட்டுக்குவோம். நான் இவருக்குப் போடுறேன், இவர் எனக்குப் போடட்டும். கட்டுக்கட்டா காமிச்சுரலாம்."

"எனக்கு நீ என்னடா எழுதுவே? பாலுல தண்ணி எவ்வளவுன்னா?" என்றார் மைக் மாமா. கூட்டம் சிரித்தது.

போஸ்டம்மா தலையை ஆட்டினாள். "வேண்டாம் தம்பி. காலையில சாமி பேரைச் சொல்லித்தான் இந்த முத்திரையைத் தொடுறேன். பொய்க் கடுதாசியில அதைக் குத்த மாட்டேன். உங்க கோணிப்பையில இருக்கிற நெசமான வேலையே எனக்குப் போதும்."

அன்று முதல் கோணிப்பை ஓய்வு பெற்றது. சைக்கிள் கடை முகவரியை எல்லாரும் மாற்றி எழுதினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மரக்கட்டங்கள் நிறையத் தொடங்கின. நூல்கண்டு வந்தது, விதைப் பொட்டலம் வந்தது, டீச்சருக்குப் புத்தகம் வந்தது. போஸ்டம்மாவின் பை மறுபடியும் பிதுங்கியது.

முட்டிக்கு மட்டும் யாரும் வழி சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் மதியம் அவள் மளிகைக்கடைக்குப் போனபோது, வாசலில் ஒரு மரப்பெட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மேலே பழைய தலையணை ஒன்று.

"உக்காரு. உக்காந்து குடு. நின்னுக்கிட்டு நீட்டினா நான் வாங்க மாட்டேன்" என்றாள் அக்கா.

அவ்வளவுதான், தீ பற்றிக்கொண்டது. அடுத்த நாள் டீச்சர் வீட்டு வாசலில் ஒரு முக்காலி. முடி திருத்துபவர் தன் கடையின் பழைய சுழல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே போட்டார். "இதுல உக்காந்தா முட்டி என்ன, முதுகுவலியும் போயிரும்" என்று பீற்றிக்கொண்டார். அதைப் பார்த்த மைக் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்த சாய்வு நாற்காலியையே வாசலுக்கு இழுத்துவிட்டார். பால் வண்டிக்காரன் ஒரு கேனைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேலே கோணிப்பையை நாலாக மடித்துப் போட்டான். சுற்றில் அவள் ஏறுகிற வாசல் ஒன்றும் பாக்கியில்லை. தையல்காரர் வெட்டி மிஞ்சிய துணிகளைச் சேர்த்து எல்லாவற்றுக்கும் மெத்தை தைத்துக் கொடுத்தார்.

ஒரே ஒரு சங்கடம். முன்பு விறுவிறுவென்று முடிந்த சுற்று இப்போது நீண்டது. உட்கார்ந்தவுடன் எழ முடியுமா? ஒரு வாய் டீ, இரண்டு வார்த்தை, கண் தெரியாதவருக்கு ஒரு கடிதம் வாசித்துக் காட்டல். இருட்டுவதற்குள் வீடு திரும்பினால் பெரிய விஷயம்.

மழை முடிந்தது. மேற்பார்வையாளர் வந்தார். தாள்களைப் புரட்டிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார்.

"வேலை கூடியிருக்கு. நல்லாவே கூடியிருக்கு. ஆனா சுற்று முடியற நேரம் என்னம்மா இவ்வளவு தள்ளிப் போகுது? விதி ஒரு நேரம் சொல்லுதே."

முட்டியைக் காரணம் காட்டியிருக்கலாம். மழையைச் சொல்லியிருக்கலாம். அவள் உள்ளதைச் சொன்னாள். "உக்காருறதால ஆகுதுங்க."

"உக்காருறதாலயா?"

"கூட வந்து பாத்துருங்களேன்."

அவர் கூடவே நடந்தார். மரப்பெட்டி, முக்காலி, சுழல் நாற்காலி. ஒவ்வொரு வாசலிலும் அவள் உட்கார, அவர் பக்கத்தில் நின்று குறிப்பெழுதினார். போகப்போக நொண்டல் அதிகமானது. அந்த ஷூ இன்னும் பழகவில்லை. ஊர் ஜனங்கள் தங்கள் வாசல்களிலிருந்து அவருடைய பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மளிகைக்கடை அக்கா மட்டும் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"ஏன் சார், உக்காந்தா தப்பா?"

"தப்புன்னு சொல்லலைம்மா. விதியில உக்காருறதுக்கு நேரமே இல்லை."

"அப்போ விதி எழுதினவரை ஒரு தடவை இந்த மேட்டுல ஏறச் சொல்லுங்க."

மேற்பார்வையாளர் அதையும் குறித்துக்கொண்டார். மைக் மாமா வீட்டு வாசலுக்கு இருவரும் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. போஸ்டம்மா மேற்பார்வையாளரைப் பார்த்தாள், அவர் காலைப் பார்த்தாள், பிறகு சாய்வு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இந்த ஒரு வாசல்ல நான் உக்காராட்டி பரவால்ல சார். நீங்க உக்காருங்க."

"வேண்டாம், வேண்டாம்."

"உக்காருங்க சார்" என்று மாமா ஒரு அதட்டல் போட்டார். மேற்பார்வையாளர் திடுக்கிட்டு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர், யாரும் பார்க்காதது போல ஷூவைக் கழற்றினார். அவருடைய முகத்தில் இருந்த அதிகாரி மெல்ல இறங்கிப் போய், ஒரு களைத்த மனிதர் வந்து உட்கார்ந்தார். போஸ்டம்மா பையிலிருந்து மச்சானின் கார்டை எடுத்துக் கொடுத்தாள். மாமா படித்துவிட்டு வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"பாத்தீங்களா சார், யானையை நகர்த்தியிருக்கான்."

"பலகை இருக்கா?" என்று கேட்டார் மேற்பார்வையாளர். மாமா உள்ளே ஓடிக் கொண்டுவந்தார். அவர் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "அவசரப்படாதீங்க. சிப்பாயை நகர்த்துங்க" என்றார். ஆயுசில் முதல் முறையாக மைக் மாமா தாழ்ந்த குரலில் பேசியதை அன்று தெருவே பார்த்தது. "சரிங்க" என்றார்.

போகும்போது மேற்பார்வையாளர் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. "எழுதி அனுப்புறேன்" என்று மட்டும் சொன்னார்.

போஸ்டம்மா அதற்குப் பிறகு வந்த நாட்களில் தேதியை மாற்றும்போது கடவுளிடம் கூடுதலாக எதுவும் கேட்கவில்லை. "உன் கையில குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, மறுபடி மறுபடி கையை நீட்டித் திருப்பிக் கேட்பது நன்றாக இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் டவுனிலிருந்து வருகிற கட்டைப் பிரிக்கும்போது பழுப்பு உறைகளை முதலில் தேடத்தான் செய்தாள்.

ஒரு நாள் அந்தக் கட்டில் பழுப்பு உறை ஒன்று இருந்தது. மேலே அவளுடைய பதவிதான் எழுதியிருந்தது. அப்போதே கிழித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் சுற்றில் போகிற கடிதம் சுற்றில்தான் போக வேண்டும் என்று அதையும் பையில் அடியில் வைத்துக்கொண்டாள். மரப்பெட்டியில் உட்கார்ந்தாள், முக்காலியில் உட்கார்ந்தாள், கேனில் உட்கார்ந்தாள். எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்து, "ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டார்கள். "வந்திருக்கு. அது கடைசி வீட்டுக்கு" என்றாள். கேட்டவர்கள் ஒவ்வொருவராக அவள் பின்னால் வரத் தொடங்கினார்கள்.

கடைசி வீடு அவளுடைய வீடுதான். ஊரில் நாற்காலி இல்லாத வாசலும் அது ஒன்றுதான். பின்னால் வந்த கூட்டத்தைப் பார்த்த கணவர், மெஷின் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து போட்டார். வாயில் குண்டூசிகள்.

அவள் உட்கார்ந்து உறையைப் பிரித்தாள். அலுவலகம் அதே இடத்தில் தொடரும் என்று முதல் வரியில் இருந்தது. அவள் அதைச் சத்தமாகப் படித்தாள். படித்த சத்தம் போதவில்லை என்று மைக் மாமா இன்னொரு முறை முழங்கினார். கீழே இன்னொரு வரி இருந்தது: "மேற்படி சுற்றுக்குரிய நேரத்தைக் கணக்கிடும்போது, பணியாளர் ஆங்காங்கே அமர்வதற்கு ஆகும் நேரமும் சேர்த்துக்கொள்ளப்படும்."

"விதியில உக்கார இடம் குடுத்துட்டாரு" என்றாள் மளிகைக்கடை அக்கா.

கணவர் என்னவோ சொல்ல வந்து, "ம்ம்ம்" என்றார்.

"ஊசியைத் துப்பிட்டு சொல்லுங்க" என்றாள் போஸ்டம்மா.

அவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார். "அண்ணனுக்கு ஒரு பார்சல் தைச்சு வெச்சிருக்கேன். ஜன்னல் தொறந்திருக்கா?"

"மூடியாச்சு. நாளைக்குக் காலையில வரிசையில வந்து நில்லுங்க."